மூன்றாம் மாடிப் பால் பை

ஜூன் 12, வியாழன்

போன் போனது. அதனால் பேனா வந்தது.

என் கைப்பேசி இன்னும் ஒரு மாதத்துக்கு அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் சிறையிருக்கும். பேச வழியில்லாதவர்கள் நாட்குறிப்பு எழுதுவார்களாம். எழுதுகிறேன். நான் சாருமதி, பதினாறு வயது, பிளஸ் ஒன். 'மதி' பெயரோடு நின்றுவிட்டது என்பது அம்மாவின் தீர்ப்பு.

குற்றம் இதுதான். நேற்று எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்குள் ஒரு தாளை ஒட்டினேன். "இந்த லிஃப்ட் இன்றுமுதல் குரலால் இயங்கும். பொத்தானைத் தொடாமல், போகவேண்டிய தளத்தை உரக்கச் சொல்லவும். இப்படிக்கு, செயலாளர்." செயலாளரின் கையெழுத்தையும் நானே போட்டேன். அசலைவிட நன்றாகவே வந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்கள். 302 சவரிமுத்து தாத்தா மட்டும் உள்ளே நின்று, "மூணு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூன்றாவது தளம்" என்று திருத்தமாகச் சொன்னார். அப்புறம் "த்ரீ." அப்புறம் "தீன்." ரயில்வேயில் இருந்தவர் அல்லவா, இந்தி வரைக்கும் போய்விட்டார். அங்கேதான் நான் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

அந்தத் தாளை நாலாக மடித்து, ஆதாரமாக எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் புகார் கொடுத்தார். சத்தம் போடவில்லை. தேதி, நேரம், இடம் சொல்லிப் புகார் கொடுத்தார். முப்பத்தெட்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தால் மனிதர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல. வயது எழுபத்தொன்பது. ரெஜினா பாட்டி போனபிறகு நாலு வருடமாகத் தனியாக இருக்கிறார். மகன் ஆல்பர்ட் அங்கிள் புனேயில்.

எங்கள் மாடிக்கு ஒரு சட்டம் உண்டு. அதையும் அவர்தான் போட்டார். ராத்திரி எல்லோரும் கதவுப் பிடியில் ஒரு துணிப்பை மாட்டுவோம். காலை ஐந்தரைக்குப் பால்காரர் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். தாத்தா சரியாக ஆறே முக்காலுக்குப் பையை உள்ளே எடுப்பார். ஏழு மணிக்கும் 302-இல் பை தொங்கினால், எதிர்வீட்டு ஹசீனா ஆன்ட்டி கதவைத் தட்டவேண்டும். பை இல்லையென்றால் தாத்தா நலம். ரயில் முழுசாக வந்து சேர்ந்ததா என்று கடைசிப் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லவேண்டுமாம். அவருடைய கடைசிப் பெட்டி அந்தப் பை. நாலு வருடத்தில் ஆன்ட்டி ஒருநாளும் தட்டவேண்டி வந்ததில்லை.

பழிக்குப் பழி என்றெல்லாம் பெரிதாகச் சொல்லமாட்டேன். பலிக்கும் ஒரு வழி யோசித்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று சவரிமுத்து தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு விழுந்தவரைப் பதினொன்றே முக்காலுக்குத்தான் கண்டுபிடித்தார்கள். திறந்திருந்த குழாய்த் தண்ணீர் வாசல்கதவுக்கு அடியில் கசிந்து வந்ததைப் பார்த்து ஹசீனா ஆன்ட்டிதான் ஆள்களைக் கூப்பிட்டார். இடுப்பெலும்பு முறிவு. நாளைக்கு அறுவைச் சிகிச்சை.

எனக்கு ஆறரைக்கு டியூஷன், அப்படியே பள்ளியில் சிறப்பு வகுப்பு. மாலை நாலரைக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் தெரியும்.

சாவி அம்மாவிடம் இருந்தது. நானும் அம்மாவும் போய் வீட்டைத் துடைத்தோம். கூடம் அம்மா. சமையலறையை நான் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளியில் ரசாயன ஆசிரியரின் நாற்காலியில் மாவு தூவ ஆள் கேட்டார்கள். கைவலி என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். நானே போகிறேன் என்றதும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தாத்தா படுக்கையில் பாதியாகத் தெரிந்தார். பக்கத்தில் ஆல்பர்ட் அங்கிள், சவரம் செய்யாத முகத்தோடு. இரண்டு பேரும் ஏதோ பேச்சை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தாத்தா அதை என்னிடம் தொடர்ந்தார்.

"ஏழு மணிக்கு ஹசீனா கதவு திறந்துச்சும்மா. செருப்புச் சத்தம் என் வாசல் வரைக்கும் வந்துச்சு. இப்போ தட்டுவா, இப்போ தட்டுவான்னு காத்துக்கிட்டுக் கிடந்தேன். திரும்பிப் போயிருச்சு. கத்தினேன். குழாய்ச் சத்தத்துல கேக்கல."

"பை தொங்கலப்பா. அதான் போயிட்டாங்க" என்றார் அங்கிள். நூறாவது தடவை சொல்கிற குரல்.

"நான் எடுக்கலடா. பல் விளக்கப் போனவன் அப்படியே விழுந்தேன். எடுக்காத பை எப்படி இல்லாம போகும்?"

"பாக்கெட் ஃப்ரிட்ஜுல இருந்துச்சுப்பா. பை ஆணியில மாட்டியிருந்துச்சு. நான்தான பாத்தேன். எடுத்துட்டு மறந்துட்டீங்க. வயசானா வர்றதுதான், விடுங்க."

தாத்தா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கஞ்சி ஆறிப்போனது.

திரும்பி வரும்போது பேருந்தில் என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு கால் நடைதாங்கியைப் பிடித்து எட்டு அடி நடக்கிறார். பார்த்துக்கொள்ள செல்வி அக்கா இரவும் பகலும் கூடவே இருக்கிறார். நான் ஐந்து மணிக்குப் போய் ஆறரை வரைக்கும் இருக்கிறேன். "பொறுப்பு வந்துருச்சு பாரு" என்று அம்மா மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொறுப்பா, பொருத்திக்கொண்ட முகமா என்று அவளுக்குத் தெரியாது.

தாத்தாவிடம் ஒரு நீளமான கணக்குநோட்டு இருக்கிறது. ஓய்வு பெற்றபிறகும் ஸ்டேஷனில் எழுதுவதுபோல் தினமும் எழுதுகிறார். 5.10 எழுந்தேன். 5.40 ஜெபம். 6.45 பால். 7.15 தேநீர். செய்ததும் உடனே எழுதிவிடுவார். ஜூன் 14-ஐ எடுத்துக் காட்டினார். 5.10, 5.40. அவ்வளவுதான். கீழே வெறும் கோடுகள்.

"எடுத்திருந்தா எழுதியிருப்பேன்ல?" என்று கேட்டார்.

நோட்டை மூடி மேசையில் வைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று ஸ்டேஷன் பரீட்சை. திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் வரை எல்லா ஸ்டேஷனையும் வரிசையாகச் சொல்வார், நான் தாளைப் பார்த்துச் சரிபார்க்கவேண்டும். அந்தப் பாதையில் மட்டும் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். கீரனூர், நார்த்தாமலை, வெள்ளனூர், புதுக்கோட்டை, நமணசமுத்திரம் என்று வண்டி ஓடுவதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தவர், அதற்கப்புறம் நின்றுவிட்டார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சிக்னல் கிடைக்கல போல, தாத்தா" என்றேன். சிரிக்கவைக்கத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "திருமயம்" என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். நெற்றி வேர்த்திருந்தது. "பாத்தியா, ஆல்பர்ட் சொல்றது நெசம்தான்."

போன மாதம் தாத்தா ஒரு ஊரை மறந்திருந்தால் அது மறதி. இப்போது அது நோய்.

ஜூன் 28, சனி

அங்கிள் இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புனேக்குக் கிளம்பினார். ஓசூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்திருக்கிறாராம். நினைவு மங்கியவர்களுக்குத் தனிக் கட்டடமாம். வெளியே போக முடியாதபடி கதவு இருக்கும், அதனால் பாதுகாப்பு என்றார். ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போவாராம். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "எலும்பு மட்டும்னா இங்கயே விட்டிருப்பேங்க்கா. பாலை எடுத்தமா இல்லையான்னே தெரியலைன்னா, நாளைக்கு கேஸை மூடினமான்னு தெரியுமா?"

அம்மா தலையாட்டினாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 30, திங்கள்

தாத்தா வீடு முழுக்கத் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறார். 'மாத்திரை போட்டாச்சு.' 'விசிறி அணைத்தாச்சு.' செல்வி அக்காவிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டு, மூன்று தடவை கேட்டதற்காக மன்னிப்பும் கேட்கிறார். விழுந்த அன்றைக்குக்கூட அவர் இப்படி இல்லை.

லிஃப்டில் நான் ஒட்டிய தாளும் இதே அளவுதான்.

ஜூலை 1, செவ்வாய்

ஜூன் 14, எழுத ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது பொய்.

அன்று காலை ஆறு இருபதுக்கு டியூஷனுக்குக் கிளம்பினேன். 302 வாசலில் பை தொங்கியது. புகார் கொடுத்தவர் கொஞ்சம் தேடட்டும் என்று பையோடு பாலை எடுத்து, நாலாவது மாடித் தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். டியூஷனுக்குத் தாமதமானாலும் சரி, ஆறே முக்காலுக்கு அவர் வெளியே வந்து முழிப்பதைப் படியிலிருந்து பார்த்துவிட்டு, ஏழுக்குள் திருப்பி மாட்டிவிடுவதாகத் திட்டம். அதற்குள் கீழே என் சிநேகிதி வந்து கூப்பிட்டாள். ஒரு நிமிடம் என்று போனேன். அவள் அண்ணன் பைக்கில் இடம் இருந்தது. ஏறிவிட்டேன். பை நினைவுக்கே வரவில்லை. மறந்தது நான்.

நான் பையை எடுத்தபோது அவர் குளியலறைத் தரையில் கிடந்தார். கதவுக்கும் அவருக்கும் இடையே பதினைந்து அடிகூட இருக்காது.

மாலையில் விஷயம் தெரிந்ததும் நாலாவது மாடிக்கு ஓடினேன். பாக்கெட் வெயிலில் உப்பிப் பந்துபோல் இருந்தது. அம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்குப் போய்ப் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தேன். பையை அதன் ஆணியில் மாட்டினேன். பையை எடுத்ததாவது குறும்பு. மாட்டியது குறும்பு இல்லை. எல்லாம் தெரிந்து செய்தது.

எழுதிவிட்டேன். ஆனால் எழுதியது இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 2, புதன்

சொல்லப் போனேன். "தாத்தா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து, ஒரு கடி ஜோக் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

ஜூலை 4, வெள்ளி

ஐந்து மணிக்குப் போனேன். அங்கிள் காலையிலேயே வந்துவிட்டாராம். பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். செல்வி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நீள நோட்டு குப்பைக்கூடைக்கு மேல், பழைய செய்தித்தாள்களோடு இருந்தது.

இதை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"எழுதறவனையே நம்ப முடியலைன்னா எழுதி என்னம்மா பண்றது?"

அதற்கப்புறம் எனக்குத் தைரியம் வந்ததாக ஞாபகம் இல்லை. வாய் திறந்துவிட்டது. நான்தான் எடுத்தேன் என்றேன். என்ன எடுத்தாய் என்றார். பால் பை என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. நடைதாங்கியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். விபத்து விசாரணைபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்னைக்கு?"

"ஜூன் பதினாலு."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு இருபது."

"எங்க வெச்ச?"

"நாலாவது மாடி. தீயணைப்புப் பெட்டிக்குப் பின்னால."

"ஃப்ரிட்ஜுல?"

"அதுவும் நான்தான். சாயங்காலம் துடைக்க வந்தப்போ."

செல்வி அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டார். தாத்தா மிக மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் எடுக்கல."

"எடுக்கல தாத்தா."

"எடுத்துட்டு மறக்கல."

"மறக்கல."

கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. கீரனூர் என்று ஆரம்பித்தார். நார்த்தாமலை, வெள்ளனூர், புதுக்கோட்டை, நமணசமுத்திரம், திருமயம். எங்கேயும் நிற்கவில்லை. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று கடலைத் தாண்டிப் பாம்பன் வரை போய், ராமேஸ்வரத்தில்தான் மூச்சுவிட்டார்.

நோட்டை எடுத்துவரச் சொன்னார். ஜூன் 14-ஐத் திறந்தார். நான் பேனாவை எடுத்ததும், ஸ்டேஷன் நோட்டில் தப்பு நடந்தால் பழைய வரியை அடிக்கக்கூடாது, கீழே புதிதாக எழுதி, தப்பு செய்தவர் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். எழுதினேன். '6.20 பால். எடுத்தது சாருமதி, 301. தெரிவித்தது ஜூலை 4, மாலை 5.25.' கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தே எனக்குப் போலியாகத் தெரிந்தது.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆறு மணி நேரம் தரையில கிடந்தேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இருபது நாள் என் புத்தியையே சந்தேகப்பட்டேன். நீ தினம் வந்து பாத்துக்கிட்டே உக்காந்திருந்த. அதைப் பத்தி இன்னிக்கு என்னால பேச முடியாது. வீட்டுக்குப் போ."

ஜூலை 5, சனி

அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை என்னை 302-க்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிள், ஹசீனா ஆன்ட்டி எல்லோரும் இருந்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அங்கிள் ஒரு வார்த்தை திட்டவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹசீனா ஆன்ட்டி அழுதார். அன்றிலிருந்து, பை இல்லாவிட்டால் என்ன, ஒரு தடவை தட்டியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாராம். அவரும் இதில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருந்தாலும் அப்பாவைத் தனியாக விட பயமாக இருக்கிறது என்றார் அங்கிள்.

"பயம் வேற, மறதி வேறடா" என்றார் தாத்தா. "பயமா இருக்குன்னு கூப்பிடு, என்னைக்காவது ஒருநாள் வர்றேன். மறதின்னு சொல்லிக் கூப்பிடாத."

புதிதாக வாங்கிய பெட்டி அட்டைகூடப் பிரிக்காமல் கூடத்தில் இருந்தது. மாலையில் அங்கிள் அதைப் பரண்மேல் வைத்தார். மூன்று மாதம் பார்க்கலாம் என்று முடிவு.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். "வேணாங்கிறாரு பாப்பா" என்றார் செல்வி அக்கா.

ஜூலை 7, திங்கள்

வேணாங்கிறாரு.

ஜூலை 11, வெள்ளி

வேணாங்கிறாரு. நாளையோடு என் கைப்பேசித் தண்டனை முடிகிறது. பீரோவிலேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா இப்போது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஜூலை 18, வெள்ளி

இன்று கதவு திறந்தது. தாத்தா பேசவில்லை. அவருடைய கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. செய்தித்தாளை என் பக்கம் தள்ளினார். வாசித்தேன். காவிரியில் தண்ணீர் திறப்பு, கீழே ஓர் இரங்கல் விளம்பரம், வேலைவாய்ப்பு, வானிலை. ஒரு மணி நேரம் என் குரல் மட்டும்தான். நடுவில் இரண்டு இடத்தில் சிலேடை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கிளம்பும்போது, "நாளைக்கு நாலே முக்காலுக்கு வா. தலையங்கம் பாக்கி இருக்கு" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

வாசித்து முடித்தபிறகு, செயலாளர் கையெழுத்தை எப்படி அத்தனை சரியாகப் போட்டாய் என்று கேட்டார். வளைவில் பேனாவைத் தூக்காமல் இழுக்கவேண்டும் என்றேன். ம் என்றார். மனிதர் பத்து நிமிடம் அந்த லிஃப்டில் நின்றதையும் நினைத்திருக்கவேண்டும். ஓரமாகச் சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்லமுடியாது.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று இரவிலிருந்து செல்வி அக்கா தங்குவதில்லை. இனிமேல் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். அதனால் ஒரு சிக்கல். தாத்தாவின் இரண்டு கையும் நடைதாங்கியில் இருக்கும். பையை எடுத்துக்கொண்டு நடக்கமுடியாது. வாசலில் கேமரா வைக்கலாம் என்று நேற்று மாலை அங்கிள் போனில் சொன்னார். தாத்தா வேண்டாம் என்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலையில பையை நீ எடுத்துக் குடு."

"நானா தாத்தா?"

"நீதான். ஆனா தட்டிட்டு எடு."

இன்று ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். ஆறே முக்காலுக்கு 302 வாசலில் நின்றேன். பை தொங்கியது. பாக்கெட்டின் குளிர்ச்சியில் துணி நனைந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. எதிர்வீட்டுக் கதவைப் பாதி திறந்து ஹசீனா ஆன்ட்டியும் நின்றார்.

தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு சொட்டு விழுந்தது. மறுபடி தட்டக் கையை ஓங்கியபோது உள்ளே நடைதாங்கி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பதினோரு ஊன்றல் எண்ணினேன்.

"யாரு?"

"சாருமதி."

"பை?"

"தொங்குது தாத்தா. நான் இன்னும் தொடல."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

"சரி. இப்ப எடு."

மேசையில் நீள நோட்டு திறந்திருந்தது. '6.49 பால்' என்று எழுதிவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது, தாத்தா."

பாலைக் காய்ச்சச் சொன்னார்.